இசைச் சிற்றிதழ் லே-அவுட்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

சுயாதீன இசைக்கென்று நடத்தப்படும் சிறிய பத்திரிகைகளைப் புரட்டினால் சில சங்கடங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பேட்டியில் யார் பேசுகிறார் என்று புரியாது. மேடைப் படம் கரியாகக் கிடக்கும். நடுப்பக்கத்தில் பாடகரின் மூக்கில் ஸ்டேப்ளர் பின் இறங்கியிருக்கும். கரடுமுரடாக இருப்பதுதான் இண்டி அழகு என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. 1976இல் லண்டனில் தொடங்கிய ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்ற பங்க் இசைச் சிற்றிதழ் தட்டச்சும் ஃபெல்ட் பேனாத் தலைப்புமாக ஜெராக்ஸில் வந்தது. அந்தக் கரடுமுரடு கையிலிருந்த கருவியோடு ஒத்துப்போனது. 1990களில் ‘ரே கன்’ இசை இதழில் வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் ஒரு பேட்டியை முழுக்க, படக்குறிகள் மட்டுமே கொண்ட ஸாஃப் டிங்பேட்ஸ் எழுத்துருவிலேயே அமைத்தார். படிக்க முடியாமல் போகும் என்று தெரிந்தே செய்த காரியம் அது. தெரியாமல் வந்து விழும் பிழைகளுக்கானது இந்த வழிமுறை.

ஏ5 அல்லது டெமி 1/8 அளவு, 24 முதல் 96 பக்கம், சில நூறு பிரதிகள், லே-அவுட் மென்பொருள் இன்டிசைன் அல்லது ஸ்கிரைபஸ் என்று வைத்துக்கொண்டு எண்களைக் கொடுத்திருக்கிறோம். உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் கோப்பைத் திறப்பதற்கு முன்பே நான்கு விஷயங்கள் முடிவாகியிருக்க வேண்டும்: தாள், பக்க எண்ணிக்கை, பைண்டிங், அச்சு முறை. கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல், இந்த நான்கையும் கடைசியில் முடிவு செய்வதால் வருபவை.

தமிழ் எழுத்து உடைந்து வருகிறது

முதலில் எப்படி உடைகிறது என்று பாருங்கள். மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, அல்லது புள்ளிவட்டம் தெரிகிறது என்றால் எழுத்துரு சரியாகத்தான் இருக்கும். வரியைக் கோக்கும் கம்போசர்தான் தவறு. இன்டிசைனில் பாராகிராஃப் ஸ்டைலைத் திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசரை ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று மாற்றுங்கள். ஒரு பத்தியில் மாற்றினால் அந்தப் பத்தி மட்டும்தான் மாறும். ஆகவே அடிப்படை ஸ்டைலிலேயே மாற்றி, மற்ற ஸ்டைல்களை அதிலிருந்து கிளைக்கச் செய்யுங்கள். ஃபோட்டோஷாப்பில் டைப் பிரிஃபரன்ஸில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் அதே இடத்தில் இண்டிக் ஆப்ஷன்களைக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். ஸ்கிரைபஸ் பயன்படுத்துபவர்கள் 1.6 பதிப்புக்கு வந்துவிடுங்கள். பழைய 1.4இல் தமிழ் எழுத்துகள் சரியாகச் சேராது.

தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது என்றால், யாரோ பாமினி, டேப், செந்தமிழ் போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். மாற்றிய பிறகு ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, மேற்கோள் குறி, கோடு, இடையில் வரும் ஆங்கிலச் சொல் ஆகிய ஐந்தையும் கண்ணால் தேடிப் பாருங்கள். மாற்றியில் அதிகம் சேதமாவது இவைதான். பாமினி போன்றவை தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்காரவைத்த முறை என்பதால், உள்ளே வந்த உண்மையான ஆங்கிலப் பெயர்களும் தமிழ்க் குப்பையாக மாறிவிடும். இசை இதழில் பாதிப் பெயர்கள் ஆங்கிலம்தானே. இதற்கு நேர்மாறான சிக்கலும் வரும். பேஜ்மேக்கர் வைத்திருக்கும் அச்சகத்தில் யூனிகோடைக் கொடுத்தால் அந்த மென்பொருள் அதைப் படிக்காது. அச்சகத்துக்குத் திறந்த கோப்பைத் தராமல், எழுத்துருக்கள் பதிக்கப்பட்ட பிடிஎஃப் கொடுங்கள்.

மூன்றாவது வகையில், எழுத்துகள் சரியாக இருந்தாலும் தலைப்பு மட்டும் சிதறினாற்போல் இருக்கும். காரணம் டிராக்கிங், அதாவது எழுத்துகளுக்கு நடுவே கூட்டி விடும் இடைவெளி. ஆங்கில இசை இதழ்களில் இசைக்குழுவின் பெயரைப் பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு அகலமாகப் போடுவது வழக்கம். தமிழில் அதைச் செய்தால் கொம்பும் காலும் தம் மெய்யை விட்டு விலகி, ‘பாடகர்’ என்பது ‘ப ாடகர்’ போல ஆகிவிடும். டிராக்கிங்கைப் பூஜ்ஜியமாக்குங்கள். அகலம் வேண்டும் என்றால் அகலமான எழுத்துருவைத் தேடுங்கள். தலைப்புக்குக் கட்டமரனின் கனத்த எடை, பாலூ தம்பி, அரிமா மதுரை, உள்ளடக்கத்துக்கு முக்த மலர், நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை என்று இலவசமாகவே நல்ல யூனிகோடு எழுத்துருக்கள் இருக்கின்றன. ஓர் இதழுக்கு இரண்டு குடும்பங்கள் போதும்.

பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும்போது ‘போ’, ‘கொ’ போன்றவற்றில் ஓர் உறுப்பு மட்டும் பெரிதானால், ட்ராப் கேப் எழுத்து எண்ணிக்கையை 2 ஆக்குங்கள்.

சொற்களுக்கிடையே ஓட்டை விழுகிறது

ஏ5 பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாக (காலம், column) பிரித்தால் ஒரு பத்தி ஏறத்தாழ 56 மி.மீ. அகலம் வரும். 10 புள்ளி (பாயிண்ட்) அளவுத் தமிழில் அந்த அகலத்துக்கு மூன்று சொல்தான் நிற்கும். இருபுறமும் சமன் செய்யச் சொன்னால் மிச்சமிருக்கும் இடம் முழுவதையும் இரண்டே இரண்டு இடைவெளிகள் சுமக்க வேண்டும். ஓட்டை அப்படித்தான் வருகிறது. ஆங்கிலத்தில் இந்த அகலம் தாங்கும், ஏனென்றால் சொற்கள் சிறியவை, ஹைஃபன் போட்டு உடைக்கவும் முடியும். ஆங்கில இதழின் பத்தி அமைப்பை அப்படியே எடுத்துவருவதுதான் தமிழ் இசை இதழ்களில் அதிகம் நடக்கும் தவறு.

ஏ5க்கு ஒரே பத்தி வையுங்கள். உள் ஓரம் 17, வெளி ஓரம் 13, மேலே 14, கீழே 20 மி.மீ. விட்டால் 118 மி.மீ. அகலம் கிடைக்கும். வரிக்கு ஆறு சொல் அளவில் வரும், படிக்கச் சுகமாக இருக்கும். எழுத்து 10 புள்ளி என்றால் வரி இடைவெளி 14 அல்லது 14.5. ஆங்கிலத்துக்குப் போதுமான 12 இங்கே போதாது. மேல்வரியின் ‘ழு’, ‘கு’ வால்களும் கீழ்வரியின் ‘கீ’ சுழிகளும் முட்டிக்கொள்ளும். ஏ4 இதழ் என்றால் பேட்டிக்கும் கட்டுரைக்கும் இரண்டு பத்தி, விமர்சனம், செய்தித் துணுக்குகளுக்கு மட்டும் மூன்று பத்தி.

குறுகிய பத்தி தவிர்க்க முடியாத இடத்தில் இடப்பக்கம் மட்டும் நேராக வைத்து வலப்பக்கத்தை விட்டுவிடுங்கள். நீண்ட சொல்லை உடைத்தே ஆக வேண்டுமென்றால், இன்டிசைனின் இன்செர்ட் பிரேக் கேரக்டர் பட்டியலில் உள்ள ‘டிஸ்கிரெஷனரி லைன் பிரேக்’ பயன்படும். ஹைஃபன் இல்லாமல் உடைப்பது தமிழ் அச்சு மரபுதான். புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்டர் தட்டி உடைக்கவே வேண்டாம். பின்னால் ஒரு சொல் மாறினாலும் பத்தி நடுவில் அறுந்து நிற்கும்.

தமிழுக்குள் வரும் ஆங்கிலப் பெயர் துருத்தித் தெரிகிறது

10 புள்ளித் தமிழ்ப் பக்கத்தில் 10 புள்ளி ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பூதாகரமாகத் தெரியும். ஒவ்வொன்றாகத் தேடிச் சுருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஆங்கில எழுத்துகளை மட்டும் பிடிக்கும் ஒரு கிரெப் ஸ்டைலைப் பாராகிராஃப் ஸ்டைலுக்குள் வைத்து, அதற்குத் தனி எழுத்துருவும் 90 முதல் 94% அளவும் கொடுங்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த விகிதம் மாறும். ‘ம’வின் உயரமும் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரமும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இடமே சரி.

பெயரைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா என்பதை இதழின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே விதமாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நடைமுறை ஒன்று உண்டு. கட்டுரைக்குள் தமிழ் எழுத்திலும், விமர்சனத் தலைப்பில் ஆல்பம் அட்டையில் உள்ளபடியும் போடுவது. வாசகர் அந்தப் பெயரைத்தான் தேடுபெட்டியில் தட்டப்போகிறார்.

ஆல்பம் பெயர் எது, பாட்டு எது, குழு எது என்று பிரியவில்லை

ஆங்கிலத்தில் ஆல்பம் சாய்வெழுத்திலும் பாட்டு மேற்கோளிலும் வரும். தமிழில் பெரும்பாலான எழுத்துருக்களுக்கு உண்மையான சாய்வெழுத்து இல்லை. மென்பொருள் பொய்யாகச் சாய்த்துத் தருவது கண்ணை உறுத்தும், சின்ன அளவில் புள்ளிகள் அடுத்த எழுத்தின் மேல் போய் உட்காரும். ஆல்பத்துக்கு இரட்டை மேற்கோள், பாட்டுக்கு ஒற்றை மேற்கோள், குழுவுக்கு எதுவும் வேண்டாம் என்று விதி வையுங்கள். தலைப்பு வரியில் மட்டும் குழுவின் பெயர் கனத்த எடையில் வரலாம். இந்த விதியை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாக் கட்டுரையாளர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். லே-அவுட் மேசையில் உட்கார்ந்து திருத்துவது இரட்டை வேலை.

விமர்சனப் பக்கங்கள் மந்தமாக ஒன்றுபோலவே ஓடுகின்றனவா? பெரும்பாலும் தகவல் வரி ஒழுங்காக இல்லாததே காரணம். ஒவ்வொரு விமர்சனத்துக்கும் ஒரே வரிசை: குழு, ஆல்பம், லேபிள் அல்லது சொந்த வெளியீடு, வடிவம் (கேசட், வினைல், டிஜிட்டல்), ஆண்டு. இது 8.5 புள்ளியில் ஒரு ஸ்டைல். விமர்சனம் 9.5 புள்ளி. எழுதியவர் பெயர் கடைசியில் வலப்பக்கம். அட்டைப் படம் 28 மி.மீ. சதுரம், எல்லாவற்றுக்கும் அதே அளவு. முக்கியமான ஒன்றுக்கு மட்டும் பக்கத்தின் முழு அகலம் கொடுங்கள், அப்போது கண் நிற்க ஓர் இடம் கிடைக்கும். குழுவின் பெயரை வைத்து அகர வரிசையில் அடுக்குங்கள். ஆசிரியருக்குப் பிடித்த வரிசையை வாசகரால் ஊகிக்க முடியாது.

பேட்டியில் யார் பேசுகிறார் என்று தெரியவில்லை

ஒருவர் மட்டும் பதில் சொல்கிறார் என்றால் கேள்வி கனத்த எழுத்தில், பதில் சாதாரணத்தில். கேள்விக்கு மேலே அரை வரி இடைவெளி, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. இரண்டு பக்கமும் சமமாக இடைவெளி விட்டால் கேள்வி எந்தப் பதிலோடு சேர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியாது.

நால்வர் பேசும் குழுப் பேட்டியில் முதல்முறை முழுப்பெயரும் வாசிக்கும் கருவியும், பிறகு பெயர் மட்டும். முன்னெழுத்துச் சுருக்கம் ஆங்கிலத்தில் வேலை செய்யும். தமிழில் ‘கா:’, ‘கி:’ என்று வந்தால் யார் எவர் என்ற குழப்பம்தான். பெயரைத் தொங்கல் உள்தள்ளலில் வைத்தால், அதாவது பெயர் இடப்பக்கம் நிற்க, பேச்சு 18 மி.மீ. தள்ளித் தொடங்கினால், ஓரத்தை மட்டும் பார்த்தே வாசகர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

பேட்டிக்கு நடுவே போடும் பெரிய மேற்கோள் அதே பக்கத்தில், மூலவரிக்கு முன்னால் வரட்டும். வாசகர் இப்போதுதான் படித்து முடித்த வரியையே பெரிதாக மறுபடி பார்க்க நேர்ந்தால் பக்கம் தடுக்கிவிடும்.

மேடைப் படங்கள் கரியாக வருகின்றன

இசை இதழின் உயிரே படம்தான். அதிகம் பாழாவதும் அதுதான். திரையில் பளிச்சென்று தெரிந்த படம் தாளில் இருண்டுபோக மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது தாள். மை தாளில் ஊறிப் பரவுவதால் ஒவ்வொரு புள்ளியும் பெருக்கும். கோப்பில் 50% சாம்பலாக இருப்பது, பூச்சில்லாத சாதாரண அச்சுத் தாளான மேப்லித்தோவில் 70% அளவுக்கும், நியூஸ்பிரிண்டில் 75%க்கு மேலும் தெரியும். சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியிலிருந்து 1982 முதல் வந்த ‘மேக்ஸிமம் ராக்கன்ரோல்’ போல நியூஸ்பிரிண்டில் கருப்பு வெள்ளையாகப் போட ஆசைப்படுபவர்கள் இதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். செய்ய வேண்டியது இதுதான்:

1. படத்தைக் கிரேஸ்கேலாக்குங்கள்.
2. கர்வ்ஸில் நடுப்புள்ளியை 50இலிருந்து 38–40க்கு இறக்குங்கள்.
3. மிக இருண்ட பகுதி 88–90%க்கு மேல் போகாமல், மிக வெளிச்சமான பகுதி 4%க்குக் கீழே இறங்காமல் வையுங்கள்.
4. திரையில் படம் வெளிறித் தெரியும். அதற்குப் பயந்து திரும்ப ஏற்றாதீர்கள்.
5. அதே அச்சகத்தில், அதே தாளில் வந்த பழைய வேலை ஒன்றை வாங்கி, அதன் படங்களின் இருட்டோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது மேடை விளக்கு. வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சானல்களால் ஆனது. சிவப்பு எல்இடி வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சிவப்புச் சானல் முழுக்க வெடித்திருக்கும், முகத்தின் விவரம் எல்லாம் பச்சைச் சானலில் ஒளிந்திருக்கும். நீல வெளிச்சம் என்றால் நீலம் வெடித்திருக்கும், பச்சையிலோ சிவப்பிலோ முகம் கிடைக்கும். சாதாரணமாகக் கிரேஸ்கேலாக்கினால் மென்பொருள் மூன்றையும் கலந்து குழம்பாக்கிவிடும். சானல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, மூக்கும் கண்ணும் தெளிவாகத் தெரிகிற சானலை மட்டும் எடுத்துக் கருப்பு வெள்ளையாக்குங்கள். மணல்மணலாக இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். தாளில் அது அழகாகவே தெரியும். நீல மேடைப் படத்தை நான்கு வண்ணத்தில் அச்சிட்டே தீர வேண்டும் என்றால், திரையில் பார்த்த நீலம் மையில் கிடையாது என்று புகைப்படக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அது ஊதா பக்கம் சாய்ந்து மங்கிவரும்.

மூன்றாவது, படம் வந்த வழி. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீண்ட பக்கம் பெரும்பாலும் 1600 பிக்ஸலில் நின்றுவிடும். 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்ஸல்) கணக்கில் அது 135 மி.மீ. ஏ5 பக்கத்தை ஓரம் வரை அடைக்க, இருபுறமும் 3 மி.மீ. பிளீடு (கட்டிங்கில் போகும் கூடுதல் ஓரம்) சேர்த்து 154 மி.மீ. அகலம் வேண்டும், அதாவது ஏறத்தாழ 1820 பிக்ஸல். உயரவாட்டில் எடுத்த 1200 × 1600 படம் 100 மி.மீ. அகலம்தான் தாங்கும். படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சின்னப் படம்தான் இருக்கிறது, அதுவும் அவசியமான படம் என்றால், பெரிதாக்கி மழுங்க விடுவதை விட, வேண்டுமென்றே 30–40 எல்பிஐ (அங்குலத்துக்கு 30–40 புள்ளி வரிசை) கரட்டுப் புள்ளியாக மாற்றிப் போடுங்கள். ரசிகர்களே நடத்தும் ஃபேன்சின் மரபிலேயே இருக்கும் வழி அது. புள்ளி பெரிதாகத் தெரிவதால் தெளிவின்மை தெரியாது.

வண்ணப் படத்தின் இருட்டில் மை ஒட்டிப் பின்பக்கம் அப்பினால் மொத்த மை அளவை, அதாவது ஓர் இடத்தில் விழும் நான்கு மைகளின் சதவீதக் கூட்டலைப் பாருங்கள். ஆர்ட் பேப்பருக்கு 300%, நியூஸ்பிரிண்டுக்கு 240% என்ற வரம்பில் நில்லுங்கள்.

பழைய இதழிலிருந்தோ எல்பி அட்டையிலிருந்தோ ஸ்கேன் செய்த படத்தில் கட்டம்கட்டமாக அலை தெரிந்தால் அது மொயரே. ஏற்கெனவே இருக்கும் அச்சுப் புள்ளி மேல் புதுப் புள்ளி விழுவதால் வருவது. ஸ்கேனரின் டீஸ்கிரீனை இயக்கி, 600 பிபிஐயில் எடுத்து, லேசாக மழுக்கி, பிறகு சிறிதாக்குங்கள்.

எழுத்தைச் சுற்றி வண்ணநிழல் தெரிகிறது

வேர்டிலிருந்து கொண்டுவந்த கருப்பு ஆர்ஜிபி கருப்பாக இருந்து, பிடிஎஃப் ஆகும்போது நான்கு மைகளாகப் பிரிந்திருக்கும். நான்கு பிளேட்டும் மயிரிழை பிசகாமல் விழாது, ஆகவே நிழல். இன்டிசைனில் செப்பரேஷன்ஸ் பிரிவ்யூவைத் திறந்து கருப்பை மட்டும் அணையுங்கள். உள்ளடக்க எழுத்து முழுவதும் மறைய வேண்டும். ஏதாவது மிச்சம் தெரிந்தால் அதுதான் குற்றவாளி. அதற்கு 100% கருப்பு மட்டும் கொடுங்கள்.

கருப்புப் பக்கத்தில் வெள்ளை எழுத்து இசை இதழ்களுக்கு மிகவும் பிடித்தமானது. எழுத்து 10 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது, எடை மீடியம் அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். மெல்லிய எடையில் மை உள்ளே கசிந்து புள்ளிகள் அடைபட்டுவிடும். ‘ன’வும் ‘ன்’னும் ஒன்றாகிவிடும். பின்னணியும் வெறும் கருப்பாகவோ, 40% சயான் மட்டும் சேர்ந்த கருப்பாகவோ இருக்கட்டும்.

ஸ்டேப்ளர் பின் முகத்தில் இறங்குகிறது, பக்க எண் வெட்டுப்படுகிறது

சென்டர் பின் அடிக்கும் இதழில் பக்க எண்ணிக்கை 4ஆல் வகுபட வேண்டும். எதிரெதிராக ஒரே தாளில் விழும் இரண்டு பக்கங்களின் கூட்டல், மொத்தத்தை விட ஒன்று அதிகமாக இருக்கும். 32 பக்க இதழில் 1ம் 32ம், 2ம் 31ம், கடைசியில் 16ம் 17ம். உண்மையில் ஒரே தாளாக விரிவது 16–17 மட்டும்தான். போஸ்டர் போல விரியும் படம் அங்கேதான் வர வேண்டும். மற்ற இடங்களில் இரண்டு பக்கத்துக்கு விரியும் படம் இரண்டு தனித் தாள்களில் அச்சாகி எதிரே வருவது. ஒன்றிரண்டு மி.மீ. மேலே கீழே நகரும், நிறமும் சற்று மாறும். கிடார் கழுத்து, மைக் ஸ்டாண்டு போன்ற நேர்கோடுகள் அங்கே மடிப்பைத் தாண்டினால் முறிந்து தெரியும்.

நடுப்பக்கத்தில் பின் எங்கே விழும் என்று அச்சகத்தில் கேளுங்கள். பொதுவாக உயரத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் இருக்கும். மடிப்புக் கோட்டுக்கு இருபுறமும் 10 மி.மீ.க்குள் கண், வாய் எதுவும் வேண்டாம். குழுவில் மூவர் என்றால் நடுவில் நிற்பவர் மடிப்பில் மாட்டுவார். படத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் இருவர் என்று பிரியுங்கள்.

வெளி ஓரம் வெட்டுப்படுவதற்குக் காரணம், தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகப்படும்போது உள்தாள் வெளியே தள்ளப்படுவது. 80 ஜிஎஸ்எம் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. 64 பக்கம் என்றால் 16 தாள், நடுத்தாள் ஒன்றரை மி.மீ. வரை வெளியே நிற்கும், கட்டிங்கில் அது போய்விடும். பக்க எண்ணை வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வையுங்கள். விளிம்பை ஒட்டிய மெல்லிய கோட்டுச் சட்டம் வேண்டவே வேண்டாம். அது பக்கத்துக்குப் பக்கம் தடித்தும் மெலிந்தும் வந்து பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

80 ஜிஎஸ்எம்மில் 64 பக்கத்துக்கு மேல் போனால் பர்ஃபெக்ட் பைண்டிங், அதாவது முதுகில் பசை வைத்து ஒட்டுவது. அப்போது உள் ஓரத்தை 20 மி.மீ. ஆக்குங்கள், விரியும் படங்களைக் குறையுங்கள். முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையின் பாதியைத் தாளின் தடிமனால் பெருக்கி வருவது: 96 பக்கம் என்றால் 48 × 0.1, அதாவது 4.8 மி.மீ. அதில் 9 புள்ளிக்கு மேல் எழுத்து போட்டால் மடிப்பில் வழியும்.

வெளி அட்டை மடிப்பில் வெடித்து வெள்ளை தெரிகிறது என்றால், 170 ஜிஎஸ்எம்மும் அதற்கு மேலும் உள்ள அட்டைக்குக் கிரீசிங் (மடிப்புக்கு முன் அழுத்தும் கோடு) போடாமல் மடித்திருப்பார்கள், அல்லது தாளின் இழை முதுகுக்குக் குறுக்கே ஓடியிருக்கும். இரண்டையும் ஆர்டர் தரும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஏ5 போட்டதற்குச் செலவு எகிறுகிறது

23 × 36 அங்குலத் தாளை நான்காக மடித்தால் 5.75 அங்குல அகலம் வரும். ஏ5இன் அகலம் 5.83 அங்குலம், கட்டிங்குக்கு விட வேண்டியது வேறு. நிற்காது. பெரிய தாள் எடுக்க வேண்டியிருக்கும், ஓரம் முழுக்கக் கழிவாகும். வெட்டிய பிறகு 5.5 × 8.5 அங்குலம் வரும் டெமி 1/8 அதே தாளில் கச்சிதமாக உட்காரும். அச்சகத்தில் எந்தத் தாள் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

சில பக்கங்களுக்கு மட்டும் வண்ணம் வேண்டும் என்றாலும் இதே கணக்குதான். 32 பக்கத்தை 16 பக்க ஃபாரம் (ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படும் தொகுதி) இரண்டாகச் செருகினால் வெளி ஃபாரத் தாளின் ஒரு முகத்தில் 1, 4, 5, 8, 25, 28, 29, 32 விழும். அந்த எட்டுக்கு மட்டும் வண்ணம் கொடுத்தால் தாளின் ஒரே ஒரு முகத்துக்குத்தான் நான்கு பிளேட்டுச் செலவு. அட்டைக் கட்டுரையை 4–5க்கும், படக் கட்டுரையை 28–29க்கும் கொண்டுபோவது இதனால்தான் லாபம். தாளை மடித்து எண்ணெழுதி ஒரு டம்மி செய்து அச்சகத்தாரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். பிடிஎஃப்பை எப்போதும் தனித்தனிப் பக்கமாகக் கொடுங்கள். இரட்டைப் பக்கமாகக் கொடுத்தால் அவர்கள் அறுத்துப் பிரிக்கும்போது பிளீடு போய்விடும்.

ஜெராக்ஸிலும் ரிசோவிலும் மட்டும் வருபவை

வெட்டி ஒட்டிய மூலத்தில் துண்டுகளின் விளிம்பு கோடாகத் தெரிந்தால், விளிம்பு தூக்கி நிழல் விழுகிறது. பசையை ஓரம் வரை தடவி அழுத்துங்கள், விளிம்பில் வெள்ளைத் திருத்த மை ஓட்டுங்கள், எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். அந்தக் கோடுகளே உங்களுக்குப் பிடிக்கும் என்றால் எல்லாப் பக்கத்திலும் இருக்கட்டும். ஒன்றில் மட்டும் இருந்தால்தான் தவறாகத் தெரியும். ஜெராக்ஸ் இயந்திரம் ஓரத்தில் 5 மி.மீ. அச்சிடாது, ஆகவே விளிம்பு வரை ஓடும் படம் வேண்டாம்.

ரிசோ என்பது வண்ணத்துக்கு ஒரு முறையாகத் தாளை ஓட்டும் ஸ்டென்சில் நகலச்சு. அதில் இரண்டு வண்ணம் பொருந்தாமல் விலகுவது இயல்பு, 1–2 மி.மீ. வரை எதிர்பாருங்கள். ஒரு வண்ணத்தில் துளை வைத்து மற்றதைச் சரியாக நிரப்புவது போன்ற வடிவமைப்பு அங்கே தோற்கும். மேலே மேலே அச்சாக விடுங்கள். சின்ன எழுத்தை எப்போதும் ஒரே வண்ணத்தில், அடர்ந்த வண்ணத்தில் வையுங்கள். கோப்பை வண்ணத்துக்கு ஒன்றாக, கிரேஸ்கேல் பிடிஎஃப்பாகக் கொடுக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் மை அப்புகிறது, விரலில் ஒட்டுகிறது என்றால் பெரிய கெட்டிப் பரப்புகளை 80%க்கு இறக்குங்கள், முதல் வண்ணத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு நாள் காயவிடுங்கள். ரிசோ மை தாளில் ஊறித்தான் நிற்கிறது, ஆகவே ஆர்ட் பேப்பரில் அது காயவே காயாது.

கியூஆர் கோடு திறக்கவில்லை

20 மி.மீ.க்குக் குறையாமல், வெறும் கருப்பில், வெள்ளைப் பின்னணியில், சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெள்ளை விட்டு வையுங்கள். மஞ்சள், இளஞ்சிவப்பில் போட்டால் கேமரா பிடிக்காது. கீழே குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் எழுத்தில் இருக்கட்டும். இணைப்பு செத்துப்போகலாம், இதழ் அலமாரியில் இருக்கும்.

அட்டை கவனத்தை ஈர்க்கவில்லை

எங்கே விற்கிறீர்கள் என்று பாருங்கள். புத்தகக் கடையின் படிக்கட்டு அடுக்கில் மேல் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். இதழின் பெயரும் முக்கிய குழுவின் பெயரும் அங்கே வர வேண்டும். கச்சேரி வாசலில் மேசையில் பரப்பி விற்பதென்றால் அட்டை முழுதாகத் தெரியும், அதனால் பெயரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அங்கே வெளிச்சம்தான் குறைவு. கருநீலத்தில் கருப்பு எழுத்து போன்ற சேர்க்கைகள் மறைந்துவிடும். இதழ் எண்ணை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வையுங்கள், சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான்.

அச்சாகி வந்த பிறகு பிழை தெரிகிறது

குழுவின் பெயரோ பாடகரின் பெயரோ தவறாக அச்சாகியிருந்தால் சின்ன ஸ்டிக்கர் அடித்து ஒட்டுங்கள். மேட் தாளில், பக்கத்தின் வண்ணத்துக்கே ஒத்த பின்னணியில், பழைய எழுத்தை விட எல்லாப் பக்கமும் 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். ஒரு பத்தியே விடுபட்டிருந்தால் ஏ6 தாளில் தனியாக அச்சிட்டு அந்தப் பக்கத்திலேயே செருகுங்கள். உள்ளட்டையில் செருகினால் விற்கும் இடத்திலேயே விழுந்துவிடும். பக்க வரிசை மாறியிருந்தால் பைண்டிங்கை நிறுத்தச் சொல்லிவிட்டு எந்த ஃபாரம் என்று பாருங்கள். பின் அடிக்காத நிலையில் அந்த ஒரு ஃபாரத்தை மட்டும் திரும்ப ஓட்டினால் போதும். இதற்காகவே, மொத்தமும் பைண்டிங்குக்குப் போவதற்கு முன் ஐந்து பிரதிகளை மட்டும் மடித்துப் பின் அடித்துத் தரச் சொல்லி ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.